காட்டுப்பன்றிக்கு ஏற்ற துப்பாக்கி

காட்டுப்பன்றியை வீழ்த்த எந்தத் துப்பாக்கி தக்கது, எந்தத் தோட்டா சிறந்தது என்ற விவாதம், வேட்டையில் பழகியவர் இருவர் சந்திக்குமிடத்திலெல்லாம் தொடங்கிப் பெரும்பாலும் முடிவு காணாமலே ஓய்ந்துவிடுவதற்குக் காரணம், பேசுவோர் இருவரும் தத்தம் அனுபவத்தை உண்மையாகவே எடுத்துரைப்பதும், அவ்விரு அனுபவங்களும் ஒன்றுக்கொன்று முரண்படுவதுமேயாகும். ஒருவர் இருநூறு பவுண்டு எடையுள்ள ஆண் பன்றியைச் சிறிய .223 தோட்டாவால் நின்ற இடத்திலேயே சாய்த்திருப்பார். மற்றொருவர் அதைவிட இரு மடங்கு சக்தியுள்ள .308 தோட்டா பட்டும் எழுந்தோடிப் புதருக்குள் மறைந்த பன்றியை விடியும்வரை தேடியும் கண்டிருக்கமாட்டார். இரண்டும் நடப்பவையே என்றால், தோட்டாவின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்ல முற்படுவது வீண் முயற்சி என்பது தெளிவாகிறது. குண்டு அப்பிராணியின் சரீரத்தில் எவ்விடத்தில் புகுந்தது, புகுந்தபின் உள்ளே அது என்ன ஆயிற்று என்பவற்றை அறிந்துகொண்ட பிறகே துப்பாக்கியைப் பற்றிய பேச்சுக்குப் பொருள் உண்டாகும் என்பது என் துணிபு.

இவ்விஷயத்தை ஆராய்வதற்கு அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தைக் காட்டிலும் தகுந்த களம் எளிதில் கிடைக்காது. 1539-இல் ஹெர்னாண்டோ டி சோட்டோ என்ற ஸ்பானியத் தளபதி புளோரிடாக் கரையில் இறங்கியபோது தம் படைக்கு உணவாக ஓட்டிவந்த பன்றிகளின் வழித்தோன்றல்களும், 1685-இல் லா சால் என்ற பிரெஞ்சுக்காரர் டெக்ஸாஸ் கரையில் இறக்கியவற்றின் சந்ததியும், பின்னால் வந்து குடியேறியவர்கள் பட்டியில் அடைக்காமல் காட்டிலே மேயவிட்டவையும், 1930-களில் வேட்டை விநோதத்துக்காகத் தருவிக்கப்பட்ட ஐரோப்பியக் காட்டுப்பன்றிகளோடு கலந்து, இன்று அம்மாநிலத்தில் மட்டும் சுமார் 26 லட்சமாகவும் அந்நாடு முழுவதிலும் சுமார் 60 லட்சமாகவும் பெருகியிருப்பதாக மதிப்பிடப்படுகிறது. பிறந்து ஓராண்டு நிறையும் முன்பே சினைப்படக்கூடியதும், நான்கு மாதத்துக்குள் ஈன்று ஓரீற்றில் நான்கு முதல் ஆறு குட்டிகள்வரை தரக்கூடியதுமான இப்பிராணியின் தொகை பெருகாமல் இருப்பதற்கே ஆண்டுதோறும் மூன்றில் இரண்டு பங்கை அகற்றவேண்டும் என்று அம்மாநில வேளாண் விரிவாக்கப் பணியினர் கணக்கிட்டிருக்கிறார்கள். ஆகவே அங்கே பன்றி வேட்டைக்குப் பருவமும் இல்லை, எண்ணிக்கை வரம்பும் இல்லை. 2011-இல் ஹெலிகாப்டரிலிருந்து சுடவும் வழி செய்யப்பட்டது. 2019 செப்டம்பர் முதல், நிலத்துக்குரியவரின் சம்மதம் இருந்தால் தனியார் நிலத்தில் வேட்டை உரிமமும் தேவையில்லை என்றாயிற்று. இன்ன பருமனுக்குக் குறைந்த தோட்டாவால் பன்றியைச் சுடலாகாது என்ற விதியும் கிடையாது. சட்டம் கைவிட்ட, தக்க தோட்டாவைத் தேரும் பொறுப்பு முழுவதும் சுடுபவனுடைய மனச்சாட்சியின்மேல் வந்து விழுந்திருப்பதனாலேயே, தேர்வு என்பது அங்கே வெறும் ருசி வேற்றுமையாக இல்லாமல் கடமையாகிவிடுகிறது.

முதலில் பிராணியின் சரீரத்தைப் பார்ப்போம். மானைச் சுட்டுப் பழகியவன், பக்கவாட்டில் நிற்கும் பிராணியின் முன்கால் மடிப்புக்குச் சற்றுப் பின்னே, உடலின் நடு உயரத்தில் குறி வைப்பது வழக்கம். வெள்ளைவால் மானுக்கு அது செம்மையான குறி. பன்றிக்கோ ஹிருதயமும் நுரையீரலும் மானுக்கு இருப்பதைவிட முன்னும் கீழுமாக, ஏறக்குறைய முன்கால்களுக்கு இடையிலேயே அமைந்திருப்பதால், மானுக்கு வைக்கும் குறியைப் பன்றிக்கு வைத்தவனுடைய குண்டு நுரையீரலின் பின்னோரத்தையோ கல்லீரலையோ இரைப்பையையோதான் தொடும். அவ்வாறு அடிபட்ட பன்றி இறப்பது நிச்சயம். ஆனால் வெகுதூரம் ஓடி, வெகுநேரம் துடித்து, ஒருவர் கண்ணிலும் படாமல் இறக்கிறது. மேலே குறி வைத்தாலும் ஏமாற்றமே. பன்றியின் முதுகில் உயர்ந்து நிற்கும் திமிலுக்கும் பிடரிமயிருக்கும் கீழே முதுகெலும்பு இருப்பதாக எண்ணத் தோன்றினாலும், தோள்களுக்கு இடையே அது எதிர்பாராத அளவு தாழ்ந்து செல்கிறது; அதற்குமேல் நீண்டு நிற்கும் முள்ளெலும்புகளை மட்டும் குண்டு தாக்கினால், பன்றி இடி விழுந்தாற்போல் தரையில் சாய்ந்து, வேட்டைக்காரன் துப்பாக்கியைத் தோளிலிருந்து எடுத்து மகிழ்ச்சியடையும் நேரத்தில் அதிர்ச்சி நீங்கி எழுந்து ஓடிவிடும். முன்கால் எலும்பின் நேர்க்கோட்டில், உடலின் அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் வைக்கும் குறியே உறுதியானது.

அந்த இடத்தில்தான் இயற்கை ஒரு கவசத்தையும் வைத்திருக்கிறது. முதிர்ந்த ஆண் பன்றி ஒன்றைத் தோலுரிக்கும்போது அருகிலிருந்து கவனித்தவர்களுக்கு இது தெரியும்: கழுத்தின் பின்புறம் தொடங்கித் தோளை மூடி விலாவின் முன்பகுதிவரை, தோலுக்கடியில் வெண்மையான ஒரு தடிப்பு ஓடுகிறது, வயிற்றுப் பக்கத்தில் தடையின்றிச் சென்ற கத்தி அங்கே வந்ததும் கரகரவென்று நின்றுவிடும், வெட்டி எடுத்தால் ஓரங்குலம், மிக வயதான பன்றிகளில் சில சமயம் அதற்கும் மேற்பட்ட கனத்தில், குருத்தெலும்பும் தழும்பும் நாரும் ஒன்றாகப் பின்னிக் கிடக்கும். பெண் பன்றிகளுக்காக ஆண்கள் தம்முள் போரிடும்போது கோரைப்பற்கள் கிழிப்பது இந்தத் தோளைத்தான். ஆண்டுக்கு ஆண்டு பட்ட காயங்கள் ஆறி ஆறி அந்தத் தடிப்பு வன்மை பெறுகிறது. சேற்றில் புரண்டு உலர்ந்த மண்படலம் வேறு அதன்மேல் ஓடுபோல் ஒட்டிக்கொண்டிருக்கும். எந்தக் குண்டும் துளைக்கமுடியாத கவசம் இது என்று கதையாகச் சொல்லுவோர் சொல்லுவது மிகை. நல்ல அமைப்புள்ள ரைபிள் குண்டு எதுவும் இதைத் துளைத்துவிடும். ஆனால் மெல்லிய உறையுடைய, வேகமான, சிறிய குண்டு இதன்மேல் பட்ட மாத்திரத்தில் சிதறிப் போவது உண்மை. மேலும், தோலின் கீழுள்ள கொழுப்பு புகுவாயை அடைத்துக்கொள்வதாலும் அடர்ந்த உரோமம் இரத்தத்தை உறிஞ்சிக்கொள்வதாலும், அடிபட்ட பன்றி சென்ற தடத்தில் இரத்தம் அரிதாகவே சிந்துகிறது. குண்டு மறுபக்கம் வெளியேறி இரண்டாவது வாயைத் திறந்தாலன்றிப் பின்தொடர்வது கடினம். பன்றிக்கான குண்டில் நாம் தேடவேண்டிய குணம் இதிலிருந்தே கிடைக்கிறது: அது விரியவும் வேண்டும், விரிந்தபின் உடையாமல் மறுபுறம் போகவும் வேண்டும்.

காதுக்குப் பின்னால் மூளையைக் குறிவைத்துச் சுடுவதே சிறந்தது என்று சொல்லுவோரும் பலர் உண்டு. இறைச்சி வீணாவதில்லை, பிராணியும் கணத்தில் இறக்கிறது என்பது மெய்தான். ஆயினும் மேயும் பன்றியின் தலை ஓய்ந்திருப்பது அபூர்வம்; இரண்டங்குலம் முன்னே தவறினால் தாடை உடைந்து, தின்னவும் முடியாமல் பல நாள் பட்டினி கிடந்து சாகும் கொடுமை நேரும். துப்பாக்கியைத் தாங்குகோல்மேல் வைத்து, ஐம்பது அறுபது கஜத்துக்குள், பிராணி நிற்கும்போது மட்டும் செய்யத்தக்க காரியம் அது.

குண்டின் அமைப்பைப் பற்றிய ஆராய்ச்சி இருபதாம் நூற்றாண்டு முழுவதும் நடந்த ஒன்று. ஈயக் கருவைச் செப்பு உறையால் போர்த்திய சாதாரணக் குண்டு, நடுத்தர வேகத்தில் செல்லும்வரை நன்றாகவே வேலை செய்தது. தோட்டாக்களின் வேகம் கூடக்கூட, கடின எலும்பில் பட்ட குண்டு ஆழமாகச் செல்லாமல் உடைவது தொல்லையாயிற்று. அமெரிக்கரான ஜான் நாஸ்லர் என்பவர் பெரிய மூஸ் மான் ஒன்றின்மேல் தம் குண்டுகள் பயன்படாமற்போனதைக் கண்டு, குண்டின் நடுவே செப்பினாலேயே ஒரு குறுக்குச் சுவர் வைத்து, முன்பாதி விரிந்தாலும் பின்பாதி குலையாமல் ஊடுருவும்படி அமைத்து, 1948-இல் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தார். உறையையும் ஈயத்தையும் பிரியாதபடி உருக்கி ஒட்டும் முறை அதற்குப் பிறகு பரவியது. 1980-களின் முடிவில் பார்ன்ஸ் நிறுவனத்தார் ஈயமே இல்லாமல் முழுவதும் செம்பாலான குண்டைக் கொண்டுவந்தார்கள். பன்றியின் எதிர்ப்பக்கத் தோலுக்கடியில் தங்கிவிட்ட அத்தகைய செப்புக்குண்டு ஒன்றை எடுத்துக் கழுவிப் பார்த்தால், முன்முனை நான்கு இதழ்களாகப் பிளந்து பின்னோக்கிச் சுருண்டிருப்பதும், அடிப்பாகத்தில் துப்பாக்கிக் குழலின் புரிவரிகள் பதித்த சாய்ந்த கோடுகள் அப்படியே இருப்பதும், எடையில் ஏறக்குறைய ஒன்றும் குறையாதிருப்பதும் தெரியும். துப்பாக்கியின் விலைக்கும் தொலைநோக்கியின் விலைக்கும் தயங்காமல் செலவிடும் மனிதர், தோட்டா வாங்கும்போது மட்டும் சிக்கனம் பார்த்து, பயிற்சிக்கென்று செய்த மலிவுச் சரக்கையே வேட்டைக்கும் கொண்டுபோவதை நான் ஒப்புக்கொள்ளவே முடியாது. பன்றியைத் தொடுவது குண்டு ஒன்றுதான்; மற்றவை யாவும் அதை அங்கே கொண்டுசேர்க்கும் சாதனங்கள்.

இனித் துப்பாக்கிகள். டெக்ஸாஸில் இன்று பன்றி வேட்டை பெரும்பாலும் இரவில், சோளம் தூவும் தானியங்கித் தீனித் தொட்டிகளுக்கு எதிரிலோ அறுவடையான வயல்களிலோ நடைபெறுகிறது. ஒரு பன்றியன்று, பத்தும் இருபதுமாகக் கூட்டம் வருகிறது. முதல் வெடியில் அவை நான்கு திசையிலும் சிதறி ஓடும். அதனால் ஒவ்வொரு முறையும் கையால் இயக்கவேண்டாத, விசையை இழுக்குந்தோறும் சுடும் ஏஆர்-15 வகைத் துப்பாக்கியே அங்குப் பொதுவாயிற்று. அதற்கு இயல்பாக அமைந்த தோட்டா, 1964-இல் சந்தைக்கு வந்த .223 ரெமிங்டன். தோட்டாத் தொழிலில் குண்டை நிறுக்கும் கிரெய்ன் என்ற அளவையில் அதன் குண்டு 55. அதாவது ஏறக்குறைய மூன்றரைக் கிராம். வேகமோ வினாடிக்கு 980 மீட்டருக்கு மேல். குழல்வாயில் அதன் சக்தி சுமார் 1,700 ஜூல். இது பன்றிக்குப் போதுமா என்பதே இந்தத் துறையின் ஓயாத வழக்கு. என் அபிப்பிராயத்தில், குறுநரியையும் புல்வெளி அணில்களையும் சுடுவதற்கென்று, பட்டவுடன் பொடியாகும்படி செய்த மெல்லிய குண்டோடு அதைப் பன்றிக்கு உபயோகிப்பது பாவம். இராணுவத்துக்கென்று செய்த, சற்றும் விரியாத முழு உறைக் குண்டோடு உபயோகிப்பதும் அவ்வளவே தவறு. முழுச் செப்புக் குண்டோ ஒட்டுறைக் குண்டோ வைத்து, நூறு கஜத்துக்குள், மேலே கூறிய தாழ்ந்த தோட்குறியில் சுடத் தெரிந்தவனிடம் அதே தோட்டா நேர்மையாக வேலை செய்கிறது. ஆனால் அது மன்னிக்கும் சுபாவமுள்ள தோட்டா அன்று. குறி நாலங்குலம் தவறினால் பெரிய குண்டு செய்யும் உபகாரத்தை இது செய்யாது. புதிதாக வேட்டைக்கு வருபவன் கையில், சிறியது, அதிர்ச்சி குறைந்தது என்ற காரணத்தால் இதையே முதலில் கொடுப்பது தலைகீழான யோசனை என்றே கருதுகிறேன்.

அதே துப்பாக்கியில் குழலை மட்டும் மாற்றி உபயோகிக்கக்கூடிய .300 பிளாக்கவுட் என்ற தோட்டா 2011-இல் துப்பாக்கித் தொழில்துறைச் சங்கத்தின் அங்கீகாரம் பெற்றது. பன்றி வேட்டைக்காரர்களிடையே வெகுவேகமாகப் பரவியது. இது ஒரே பெயரில் இரண்டு வேறு தோட்டாக்கள் என்பதை மறக்கலாகாது. 110 அல்லது 125 கிரெய்ன் எடையுள்ள வேகக் குண்டு, நூறு கஜம்வரை, பின்னால் சொல்லப்போகும் பழைய .30-30 தோட்டாவுக்குச் சற்றுக் குறைந்த பலனைத் தருகிறது. சைலன்சர் பொருத்திச் சத்தம் குறையச் சுடுவதற்கென்று, ஒலியின் வேகத்துக்குக் கீழே செல்லும் 220 கிரெய்ன் குண்டோ, பதினான்கு கிராம் எடை இருந்தும், சக்தியில் எழுநூறு ஜூலைக்கூட எட்டுவதில்லை; அந்த வேகத்தில் விரியும்படி தனியாகச் செய்த குண்டாக இல்லாவிட்டால், ஊசி குத்தினாற்போல் மெல்லிய துளை மட்டும் விட்டுக் கடந்துபோகும். கூட்டத்திலுள்ள மற்றப் பன்றிகள் ஓடாமலிருக்கும் சௌகரியத்துக்காக, அடிபட்ட பன்றியின் வேதனையை நீட்டிப்பது தகாது. இன்னோர் அபாயமும் உண்டு. .300 பிளாக்கவுட் தோட்டா .223-க்கான அதே தோட்டாப் பெட்டியில் அமரும்; தவறுதலாக .223 குழலுக்குள்ளும் சில சமயம் புகுந்து பூட்டிக்கொள்ளும். அவ்வாறு சுட்டால் பருத்த குண்டு சிறுத்த குழலில் சிக்கி, துப்பாக்கி வெடித்துச் சுடுபவனையே காயப்படுத்தும். இரண்டு வகையும் வைத்திருக்கும் வீட்டில் தோட்டாப் பெட்டிகளுக்கு வேறு வேறு நிறம் இட்டு, இருட்டில் தடவியும் அறியும்படி அடையாளம் வைப்பது மிகையான ஜாக்கிரதை அன்று.

இவற்றுக்கு இடைப்பட்ட 6.5 கிரெண்டல், 6.8 எஸ்பிசி என்பவை .223-இன் குறையை ஓரளவு நீக்குகின்றன; .450 புஷ்மாஸ்டர் போன்ற பருத்த தோட்டாக்கள் குறுகிய தூரத்தில் பெரும் அடி அடிக்கின்றன, ஆனால் அதிர்ச்சியும் விலையும் அதற்கேற்ப மிகும். எந்த வகையான பன்றி வேட்டைக்கும் ஒன்றே ஒன்றைச் சொல் என்று கேட்டால், 1952-இல் வந்த .308 வின்செஸ்டரைத்தான் சொல்வேன். ஏறக்குறைய 3,500 ஜூல் சக்தியும், உலகின் எந்த மூலையிலும் கிடைக்கும் எளிமையும், சாதாரணத் தேகவலிமையுள்ள எவரும் தாங்கக்கூடிய உதைப்பும், குண்டு வகைகளின் பெருக்கமும் அதனிடத்தில் ஒன்றுகூடியிருக்கின்றன. 1906-ஆம் ஆண்டின் .30-06-உம், 1925-இன் .270 வின்செஸ்டரும் வைத்திருப்பவர்கள் அவற்றை மாற்றவேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

அடர்ந்த புதர்க்காட்டில், ஓடைக்கரைகளில், முப்பது நாற்பது கஜத்தில் பன்றியைச் சந்திக்கும் வேட்டைக்கு நெம்புகோல் இயக்கமுள்ள பழைய அமெரிக்க ரைபிள்கள் இன்றும் இன்பமான சாதனங்கள். ஜான் பிரௌனிங் வகுத்த 1894-ஆம் ஆண்டு வின்செஸ்டரும், அதற்கடுத்த ஆண்டு அதற்கென்றே வந்த புகையற்ற மருந்துத் தோட்டாவான .30-30-உம் நூறாண்டுக்கு மேலாக அந்த நாட்டு மான்களையும் பன்றிகளையும் வீழ்த்தியிருக்கின்றன. 1873-இல் இராணுவத்துக்கென்று பிறந்த .45-70, கட்டைவிரல் பருமனுள்ள குண்டை நிதானமான வேகத்தில் செலுத்தி, நெடுக்கு வாட்டத்திலும் பன்றியை ஊடுருவிவிடும். பன்னிரண்டு போர் துப்பாக்கியில் ஓரவுன்ஸ் ஒற்றைக்குண்டு போட்டால், எழுபத்தைந்து கஜத்துக்குள் அதுவும் இவற்றுக்குக் குறைந்ததன்று. சிதறு ரவைகளில் மிகப் பெரியவற்றைக்கூட, கவசமுள்ள முதிர்ந்த பன்றிக்கு மிக நெருங்கிய தூரத்திலன்றி நான் சிபாரிசு செய்யமாட்டேன். நாய்களைக் கொண்டு வளைத்துப் பிடிக்கும் வேட்டையில் துப்பாக்கிக்கு இடமே குறைவு. நாயின்மேல் படாமல் சுடுவது அரிதாகையால் அங்கே கத்தியே பேசுகிறது.

அட்லாண்டிக்குக்கு அப்பால் ஜெர்மனியில் இதே கேள்வி வேறு உருவம் கொண்டிருக்கிறது. அங்கே சட்டம் சுடுபவனுக்காகத் தானே தேர்ந்தெடுத்துக் கொடுக்கிறது: காட்டுப்பன்றிக்கு உபயோகிக்கும் குண்டின் விட்டம் 6.5 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது. நூறு மீட்டர் சென்றபின்னும் அதனிடம் 2,000 ஜூல் சக்தி மிஞ்சியிருக்கவேண்டும். சிதறு ரவை கூடாது. இவ்விதிப்படி .223 நேராகவே விலக்கப்படுகிறது. வியப்பு என்னவென்றால், வழக்கமான 150 கிரெய்ன் குண்டோடு .30-30-உம் இந்தத் தேர்வில் தேறுவதில்லை. குழல்வாயில் 2,500 ஜூலுக்கு மேல் வைத்திருந்தாலும், மொண்ணை முனையின் காரணமாக நூறு மீட்டரில் 1,800-க்கும் கீழே இறங்கிவிடுகிறது. .45-70-இன் பழைய 405 கிரெய்ன் குண்டுக்கும் அதே கதி. கண்கூடாகப் பலன் தந்துவரும் தோட்டாக்கள் கணக்கில் தோற்பதால், ஜூல் என்ற ஒற்றை அளவு எவ்வளவு கரடுமுரடானது என்பது புலனாகிறது. குண்டின் அமைப்பையும் பருமனையும் அது காண்பதில்லை. இருந்தாலும், எந்த அளவுகோலும் இல்லாமல் சிறு .22 ரிம்ஃபயர் தோட்டாவால்கூடக் காட்டில் நிற்கும் பன்றியைச் சுட இடங்கொடுக்கும் ஏற்பாட்டைவிட, கரடுமுரடான அளவுகோல் ஒன்று இருப்பது பிராணிக்கு நன்மை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஜெர்மானியர் இலையுதிர் காலத்திலும் முன்பனியிலும் நடத்தும் கூட்டு வேட்டையில், ஆட்களும் நாய்களும் புதரிலிருந்து கலைத்துவிடும் பன்றி, காட்டு இடைவழியை ஓட்டமாய்க் கடக்கும் இரண்டு மூன்று வினாடிக்குள் சுடவேண்டும். அதற்கு நூற்றாண்டுப் பழமையுள்ள ஒரு தோட்டா அங்கே இன்னும் கொண்டாடப்படுகிறது. பெர்லின் நகரத்துத் துப்பாக்கி செய்பவர் ஓட்டோ போக் என்பவர் 1905-இல் ஆப்பிரிக்கக் குடியேற்றக்காரர்களுக்கென்று அமைத்த 9.3×62 என்பது, பதினெட்டுக் கிராமுக்கு மேற்பட்ட குண்டை மிதமான வேகத்தில் செலுத்துவதால், இறைச்சியை அதிகம் கெடுக்காமல் தோளின் இருபுறமும் துளைத்துச் செல்லுகிறது. குறி சற்றுப் பின்தங்கினாலும் தடம் காட்டும் அளவுக்கு இரத்தம் விடச் செய்கிறது. சுடுபவர்கள் தரையிலிருந்து உயர்ந்த மேடையில் நிற்பதனால் குண்டு கீழ்நோக்கிச் சென்று மண்ணில் புதையும். பின்னால் மண் தெரியாத இடத்தில் விசையைத் தொடுவதே குற்றமாகக் கருதப்படும். வேட்டைக்கு முன் ஓடும் குறியின்மேல் சுட்டுப் பயின்றதற்குச் சான்று காட்டச் சொல்லும் இடங்களும் பல. ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல் 2020 செப்டம்பரில் அந்நாட்டுக் காட்டுப்பன்றிகளிடம் காணப்பட்டதன் முன்னும் பின்னும் ஏற்பட்ட அச்சத்தால் வேட்டை மும்முரமானபோதுகூட இந்த ஒழுங்குகள் தளர்ந்துவிடவில்லை என்பது அவர்களுக்குப் பெருமை.

ஈயத்தைப் பற்றியும் இங்கே சொல்லவேண்டும். ஈயக் குண்டு சரீரத்துக்குள் விரியும்போது உதிரும் நுண்ணிய துகள்கள் காயத்தின் வழியிலிருந்து வெகுதூரம்வரை இறைச்சியில் பரவுகின்றன. கண்ணுக்கோ பல்லுக்கோ தெரிவதில்லை. கருவுற்ற பெண்களும் சிறு குழந்தைகளும் ஈயக்குண்டால் வீழ்த்திய வேட்டை இறைச்சியைத் தவிர்க்கவேண்டும் என்று ஜெர்மனியின் அரசாங்க உணவுப் பாதுகாப்பு அறிஞர்கள் அறிவுறுத்தியிருக்கிறார்கள். காட்டில் விட்டுவரும் குடல்களை உண்ட கழுகினங்கள் ஈயநஞ்சால் மடிவதைத் தடுக்க, கலிபோர்னியா மாநிலம் 2013-இல் சட்டம் இயற்றி, 2019 ஜூலை முதல் எல்லா வேட்டைக்கும் ஈயமற்ற குண்டையே கட்டாயமாக்கிற்று. அழியும் நிலையிலிருந்த கலிபோர்னியக் காண்டர் என்னும் மாபெருங் கழுகே அதற்கு முக்கிய காரணம். பன்றியின் கவசத்துக்கு எந்தக் குண்டு சிறந்ததோ அதே செப்புக்குண்டு இதற்கும் பரிகாரமாக அமைந்திருக்கையில், விலை சற்று அதிகம் என்பதைத் தவிர அதை மறுக்க நியாயம் காணேன்.

இரவு வேட்டையின் பெரிய அபாயம் துப்பாக்கியில் இல்லை, கண்ணில் இருக்கிறது. வெப்பத்தைக் காட்டும் தொலைநோக்கியில் பன்றிகள் வெண்ணிற உருவங்களாகத் தெளிவாகத் தெரிகின்றன. ஆனால் அவற்றின் பின்னால் நிலம் ஏறுகிறதா இறங்குகிறதா, வேலிக்கு அப்பால் வீடு உண்டா, சாலை உண்டா என்பது அந்தத் திரையில் அவ்வளவு தெளிவாகத் தெரிவதில்லை. பகலிலேயே அந்த இடத்தை நடந்து பார்த்து, எந்தத் திசையில் சுடலாம் எந்தத் திசையில் சுடலாகாது என்று முளையடித்துக் குறித்துவைக்கும் வழக்கம் தேர்ந்தவர்களிடம் உண்டு. கூட்டமாக நிற்கும் பன்றிகளில் ஒன்றைச் சுடும்போது, அதற்கு நேர் பின்னால் மற்றொன்று நின்றால் காத்திருக்கவேண்டும். மறுபுறம் வெளியேறவேண்டும் என்று நாம் விரும்பித் தேர்ந்த அதே குண்டு, இரண்டாவதைக் கொல்லாமல் காயப்படுத்திவிடும்.

இத்தனை சொன்னபின், எந்தத் துப்பாக்கியாலும் பன்றித் தொகையைக் குறைத்துவிட முடியாது என்பதையும் ஒளிக்காமல் சொல்லவேண்டும். கூட்டத்தில் ஒன்றிரண்டு விழ, மிஞ்சியவை கற்றுக்கொண்டு, அந்த இடத்தை விட்டகன்று இரவில் மட்டும் நடமாடத் தொடங்குகின்றன. மிசூரி மாநிலம் இக்காரணத்தாலேயே 2016-இல் தன் பாதுகாப்பு நிலங்களில் பொதுமக்கள் பன்றி வேட்டையாடுவதைத் தடை செய்து, கூட்டம் முழுவதையும் ஒரே தடவையில் அடைக்கும் பெரிய வளையப் பொறிகளை நம்பிற்று. பல நாள் சோளம் போட்டுப் பழக்கி, கடைசிப் பன்றியும் உள்ளே புகுந்தபின்னரே கதவை விழவிடும் அம்முறையில், துப்பாக்கியின் பங்கு முடிவில் மட்டும் வருகிறது. அங்கே, கைக்கெட்டும் தூரத்தில் நெற்றியில் வைக்கும் குறிக்குச் சிறு .22 தோட்டாவே போதுமானதாகவும் ஏற்றதாகவும் அமைகிறது. காட்டில் நிற்கும் பன்றிக்குக் கொடுமையான சாதனம், பொறிக்குள் இருக்கும் பன்றிக்குக் கருணையுள்ள சாதனமாகிறது.

நம் பக்கத்தில் இந்தக் கேள்வி விநோத வேட்டையைச் சேர்ந்ததன்று. 1972-ஆம் ஆண்டின் இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை விலக்கியிருப்பதால், முறையான உத்தரவின்றிப் பன்றியைச் சுடுவது குற்றம். ஆனால் பயிரைத் தின்னும் பன்றிகளால் மலையோர விவசாயி படும் பாடு உண்மையானது. வெடிமருந்து பொதிந்து வைக்கும் அவுட்டுக்காயும், வேலியில் பாய்ச்சும் மின்சாரமும் பன்றியோடு யானையையும் மனிதனையும் கொல்லுவதும் உண்மை. கேரள அரசாங்கம் 2022-இல் உள்ளாட்சித் தலைவர்களுக்கு அதிகாரம் அளித்து, உரிமம் பெற்ற துப்பாக்கி வைத்திருப்பவர்களைக் கொண்டு பயிர் அழிக்கும் பன்றிகளைச் சுட வழி செய்தபோது, அந்த உரிமக்காரர்கள் பலரிடம் இருந்தது பன்னிரண்டு போர் துப்பாக்கிதான். அதற்கு நம் நாட்டில் பழக்கமான எல்ஜி, எஸ்ஜி என்ற பெருரவைத் தோட்டாக்களை உபயோகிக்க வேண்டியிருந்தால், ஒற்றைக்குண்டுக்கு உள்ள ஊடுருவல் இவற்றுக்கு இல்லை என்பதை முதலில் மனத்தில் கொள்ளவேண்டும். தூரம் கூடக்கூட ரவைகள் பிரிந்து, இரண்டு தோளிலும் ஒன்று வயிற்றிலும் படுவது நல்ல அடி ஆகாது. ஒவ்வொரு துப்பாக்கிக் குழலும் ரவையை விரிக்கும் விதம் வேறாகையால், வேலைக்குப் போகுமுன் அனுமதியுள்ள சுடுதளத்தில் பெரிய தாளொன்றைக் கட்டி, பதினைந்து, இருபது, இருபத்தைந்து கஜத்தில் அதே தோட்டாவைத் தூரத்துக்கு ஒரு முறை வீதம் சுட்டுப் பார்க்கவேண்டும். பெரும்பாலான ரவைகள் ஒரு சாண் அகல வட்டத்துக்குள் தங்காத தூரம் எதுவோ, அதற்கப்பால் நிற்கும் பன்றியை அத்துப்பாக்கியால் சுடலாகாது.